உள்ள எத்தனை பேருடா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

"மச்சான், ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம். ஏற்கனவே நாற்பத்தி மூணு காதல் கவிதை வந்து குவிஞ்சு கிடக்கு!" என்றான் மலர்க்குழு நண்பன். பழைய போர் விமானங்கள் விழுந்ததைப் பற்றியும், அதில் செத்துப்போனவர்களைப் பற்றியும் எழுதுகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஏதோ வெள்ளைக்காரன் பிளேன்... அதுவும் எண்பது வருஷத்துப் பழசு... அது விழுந்ததுக்கு நீ எதுக்குடா துக்கம் கொண்டாடுற?"

நியாயமான கேள்விதான். விடுதியில் எங்கள் அறையைக் கடந்து போகிறவர்கள் எல்லோரும் எப்போதாவது கேட்டதுதான். நாங்கள் நாலு பேர். மெக்கானிக்கல் இரண்டு, சிவில் ஒன்று, ஈ.சி.இ. ஒன்று. மற்றவர்கள் சுவரில் நடிகர் படம் ஒட்டினால் நாங்கள் பி-17 படம் ஒட்டுவோம். மற்றவர்கள் பாட்டின் முதல் இசையைக் கேட்டுப் படம் சொல்வார்கள். நாங்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்டு இது ரேடியல், இது வி-12 என்று சண்டை போடுவோம். பைத்தியங்கள் என்று பெயர். இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு இந்த மலரிலேயே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2022 நவம்பர் 12, சனிக்கிழமை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் ஒரு விமானக் காட்சி. அங்கே அது முன்னாள் படைவீரர்களைப் போற்றும் வார இறுதி. பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால், ஆயிரக்கணக்கான ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'டெக்சாஸ் ரைடர்ஸ்' என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் மேல் பி-63 கிங்கோப்ரா என்ற சின்னப் போர் விமானம் வந்து மோதியது. பெரிய விமானம் இறக்கைக்குப் பின்னால் இரண்டாக முறிந்தது. முன்பாதி தரையில் விழுந்து தீப்பிழம்பாக எழும்பியது. எல்லாமாகச் சில விநாடிகள்.

நமக்கு அப்போது ஞாயிறு பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்து அப்பாவின் போனில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா திருமங்கலத்தில் டூ வீலர் மெக்கானிக். டீ டம்ளரோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எந்த பிளேன், எந்த ஊர், எவ்வளவு விலை என்று ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள எத்தனை பேருடா?" என்றார். தெரியலப்பா என்றேன். அன்று ராத்திரிக்குள் தெரிந்துவிட்டது. பி-17-ல் ஐந்து பேர், கிங்கோப்ராவில் ஒருவர். ஆறு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நண்பர்களே, விமான ரசிகன் துக்கப்படுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விமானம் விழுந்ததும் அவன் வாயில் முதலில் வருவது விமானத்தின் பெயர்தான். "ஐயோ, டெக்சாஸ் ரைடர்ஸ் போச்சே! பறக்கிற பி-17 உலகத்திலேயே பத்துகூட இல்லையே, அதில் ஒண்ணு போச்சே!" வெளியே இருந்து கேட்கிறவனுக்கு அருவருப்பாக இருக்கும். ஆறு உயிர் போயிருக்கிறது, இவன் அலுமினியத்துக்கு அழுகிறானே என்று. அப்பாவின் கேள்விதான் முதல் கேள்வி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செத்துப்போன அந்த ஆறு பேரே, தங்கள் ஓய்வு நாட்களையும் கைக்காசையும் கொட்டிக் காப்பாற்றியது அந்த அலுமினியத்தைத்தானே? அவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் இல்லை. தொண்டர்கள். நம்மூரில் திருவிழாவுக்கு வடம் பிடிக்க வருகிற மாதிரி வந்தவர்கள். அவர்களை நினைக்கும்போது அந்த விமானத்தை நினைக்காமல் இருப்பது எப்படி?

அதனால் விமானத்தின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி-17 என்பது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செய்த நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம். மொத்தம் 12,731 செய்தார்கள். ஒவ்வொரு என்ஜினும் 9 சிலிண்டர் ரேடியல், 1,200 குதிரைத் திறன். ஒரு விமானத்தில் பத்து இளைஞர்கள் ஏறிப் போவார்கள். நம் வயதுதான், பத்தொன்பது இருபது. இங்கிலாந்தில் இருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. போர் முடிந்ததும் மிச்சமிருந்த விமானங்களை அரிசோனாப் பாலைவனத்தில் வரிசையாக நிறுத்தி, வெட்டி, உருக்கி, இங்காட்டாக ஊற்றிவிட்டார்கள். தப்பியது ஒரு கைப்பிடி.

டெக்சாஸ் ரைடர்ஸ் அந்தக் கைப்பிடியில் ஒன்று. 1945-ல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், டக்ளஸ் கம்பெனியில் செய்தது. பிறந்தபோதே போர் முடிகிற நேரம். ஒரு குண்டுகூட அது போட்டதில்லை! கடற்படை அதை வாங்கி, வயிற்றில் ராடாரைக் கட்டி, 1955 வரை கடல்காவலுக்கு வைத்திருந்தது. பிறகு கொஞ்ச காலம் வானத்திலிருந்து நில அளவைப் படம் எடுத்துப் பிழைத்தது. 1967-ல்தான் ரசிகர்கள் கைக்கு வந்தது. அந்த ரசிகர்களின் அமைப்பும் சாதாரணமாக ஆரம்பித்ததுதான். 1957-ல் டெக்சாஸில் சில நண்பர்கள் காசு போட்டு ஒரு பி-51 மஸ்டாங் வாங்கினார்கள். அரசாங்கமே இவற்றைக் காயலான் கடைக்குப் போடுகிறதே, நாமாவது காப்பாற்றுவோம் என்று கிளம்பியவர்கள். இன்று 'நினைவேந்தல் விமானப்படை' என்று அர்த்தம் வருகிற பெயரில் அது பெரிய அமைப்பு. டெக்சாஸ் ரைடர்ஸை 55 வருஷம் வைத்திருந்தார்கள். தாத்தா நட் முடுக்கிய இடத்தில் பேரன் நட் முடுக்கும் அளவுக்குக் காலம்.

கிங்கோப்ரா இன்னும் விசித்திரம். அதன் என்ஜின் விமானிக்கு முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால்! அங்கிருந்து ஒரு நீண்ட ஷாஃப்ட் விமானியின் இருக்கைக்கு அடியில் ஓடி, மூக்கில் இருக்கிற புரொப்பல்லரைச் சுற்றும். ஏறி இறங்குவதற்குக் கார் மாதிரி பக்கவாட்டில் கதவு. செய்ததில் பெரும்பகுதியை ரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். டல்லாஸில் விழுந்தது பி-63எஃப் என்ற ரகம். அந்த ரகத்தில் செய்ததே இரண்டுதான். பார்க்கப் பார்க்க ஆசை வருகிற வண்டி.

சரி, எப்படி மோதின? இதைத்தான் நாங்கள் நாலு பேரும் முதலாம் ஆண்டிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்காவில் என்.டி.எஸ்.பி. என்று ஒரு விசாரணை வாரியம் இருக்கிறது. தண்டனை கொடுப்பது அதன் வேலை இல்லை. ஏன் நடந்தது என்று கண்டுபிடிப்பது மட்டுமே வேலை. அதன் அறிக்கை 2024 கடைசியில் வந்தது. அன்று வானத்தில் இரண்டு கூட்டம். பி-17 தலைமையில் ஐந்து குண்டுவீச்சு விமானங்கள். மஸ்டாங் ஒன்றின் தலைமையில் மூன்று போர் விமானங்கள், அதில் கிங்கோப்ரா மூன்றாவது. கீழே ஏர் பாஸ் என்ற ஒருவர் ரேடியோவில் உட்கார்ந்து, நீ இப்படி வா, நீ அப்படிப் போ என்று சொல்வார். பார்வையாளர்களுக்கு முன்னால் 500 அடியில் ஒரு கோடு, 1,000 அடியில் ஒரு கோடு, மனக்கோடுகள்தான். போர் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்கு முன்னால் கடந்து வந்து 500 அடிக் கோட்டில் போகவேண்டும். குண்டுவீச்சு விமானங்கள் 1,000 அடிக் கோட்டில் போகவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

உயரம்? யார் எத்தனை அடி உயரத்தில் பறப்பது? அதை யாரும் சொல்லவில்லை! கிளம்புவதற்கு முன் நடந்த கூட்டத்திலும் சொல்லவில்லை, பறக்கும்போதும் சொல்லவில்லை. இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைக்கிற திட்டம் முன்கூட்டியே இல்லாமல், அந்த நேரத்துக்கு அந்த நேரம் ரேடியோவில் சொல்லிக்கொள்ளலாம், விமானிகள் ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்று நம்பியதுதான் காரணம் என்று வாரியம் எழுதியது. பார்த்து விலகவும் முடியாது. கிங்கோப்ரா இடப்பக்கம் சாய்ந்து திரும்பி வருகிறது. விமானத்தின் உடம்பே கண்ணை மறைக்கிறது. முன்னால் போகிற விமானத்தைத் தொடர்கிற கவனம் வேறு. காட்சி நடத்துகிறவர்களுக்கு இதற்கான வழிகாட்டலை அரசுத் துறை கொடுக்காமல் விட்டதையும் வாரியம் சேர்த்தே குறிப்பிட்டது.

ஈ.சி.இ. நண்பன் இதைப் படித்துவிட்டு, "அப்ப இது 'பாத்துப் போப்பா' கேஸ்டா" என்றான். சட்டென்று எங்களுக்கு உறைத்தது. நம்மூரில் பாதுகாப்பு என்றால் அதுதானே! லாரியில் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று தட்டுகிறான். வெல்டிங் பக்கத்தில் பெயிண்ட் டின் இருந்தால் "பாத்து அண்ணே" என்கிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆகாதவரைக்கும் அது திட்டம் மாதிரியே தெரிகிறது. டல்லாஸில் இருந்தவர்கள் நேற்று விமானம் ஓட்டப் பழகியவர்கள் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பறந்தவர்கள். எல்லோரும் கைதேர்ந்தவர்களாக இருந்ததாலேயே, ஒரு சின்ன எண்ணைச் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று எனக்கு ஒரு எண்ணம். நீங்கள் ஆயிரம் அடி உயரம், நாங்கள் ஐந்நூறு அடி உயரம். இவ்வளவுதான் வாக்கியம்.

அந்த ஆறு பேருக்காக அழுகிறபோது எனக்குக் கூடவே கோபமும் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

இதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்த இன்னொன்றைச் சொன்னால்தான் இந்தக் கோபம் புரியும். 2019 அக்டோபர் 2. கனெக்டிகட் மாநிலத்தில் பிராட்லி விமான நிலையம். அங்கேயும் ஒரு பி-17. பெயர் 'நைன்-ஓ-நைன்'. போரில் 140 முறை பறந்து ஒரு ஆளைக்கூடப் பலி கொடுக்காமல் திரும்பிய நிஜ நைன்-ஓ-நைன் அரிசோனாவில் உருக்கப்பட்டுவிட்டது. அதன் பெயரையும் வர்ணத்தையும் ஏந்தி நின்றது இது. இதன் கதையைக் கேட்டால் கற்பனை என்பீர்கள். 1952-ல் அணுகுண்டுச் சோதனையின்போது, வெடிப்பு ஒரு விமானத்தை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக இதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒன்றல்ல, மூன்று அணு வெடிப்பு! பிழைத்தது. கதிர்வீச்சு தணிய 13 வருஷம் சும்மா கிடந்தது. பிறகு காயலான் விலைக்கு வாங்கி, காட்டுத்தீயில் தண்ணீர் கொட்ட இருபது வருஷம் ஓட்டினார்கள். 1986-ல் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிச் சீரமைத்தது. 1987-ல் ஓடுதளத்தைத் தாண்டி ஓடி நொறுங்கியது, மறுபடியும் கட்டினார்கள். அதன் பிறகு ஊர் ஊராகப் போய், 450 டாலர் கொடுத்தால் அரை மணி நேரம் ஏற்றிக்கொண்டு பறப்பார்கள்.

அப்படி 10 பயணிகளையும் 3 சிப்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு அன்று கிளம்பியது. சில நிமிடத்திலேயே நாலாவது என்ஜின் இழுக்கவில்லை என்று திரும்பியது. அந்த என்ஜினை நிறுத்தினார்கள். சக்கரங்களைச் சீக்கிரமே இறக்கிவிட்டதில் இழுவை கூடி, வேகம் குறைந்து, ஓடுதளத்துக்கு முன்னாலேயே விழுந்து, சறுக்கி, ஒரு தொட்டியில் மோதி எரிந்தது. இரண்டு விமானிகளும் ஐந்து பயணிகளும், ஆக ஏழு பேர் இறந்தார்கள்.

விசாரணையில் என்ன தெரிந்தது? இங்கேதான் மெக்கானிக்கல் பசங்க காதைக் கொடுக்கணும். அந்த என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். நெருப்புக் கொடுக்க இரண்டு மேக்னட்டோ. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஏற்பாடு. நாலாவது என்ஜினில் இடது மேக்னட்டோவின் ஒயர் கனெக்‌ஷன் தளர்ந்து, ஒரு கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. அந்தக் கம்பி அறுந்து, ஒயர் பாடியில் பட்டு, ஸ்பார்க்கே வராமல் போயிருக்கிறது. சரி, வலது மேக்னட்டோ? அதில் பாயிண்ட் கேப் இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ஒன்பது சிலிண்டரில் நாலுக்குச் சரியான ஸ்பார்க் இல்லை. பிளக்குகள் எல்லாம் அழுக்கு. அவற்றின் கேப்பும் அளவில் இல்லை. அந்த விமானத்தை ஓட்டியவரேதான் பராமரிப்புக்கும் தலைவர். மோசமான பராமரிப்பும் விபத்துக்குத் துணைக்காரணம் என்று வாரியம் எழுதியது. அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், காசு வாங்கி ஆள் ஏற்றும் அனுமதியை அந்த அறக்கட்டளையிடமிருந்து அரசு பறித்துவிட்டது.

இதை நான் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பாயிண்ட் என்றால் இப்போதைய பசங்களுக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்து அதெல்லாம் ஒழிந்துவிட்டது. ஆனால் அப்பா பழைய புல்லட், எஸ்டி, டி.வி.எஸ். 50 என்று பாயிண்ட் வைத்தே கை காய்த்தவர். இன்றைக்கும் சுற்றுவட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் அவரிடம்தான் வருவார்கள். ஃபீலர் கேஜை எடுத்து, பாயிண்ட்டுக்கு நடுவே விட்டு, அது லேசாகப் பிடித்து வழுக்கும்போது ஒரு தலையாட்டு ஆட்டுவார். அந்தத் தலையாட்டு வந்தால்தான் மூடி போடுவார்.

"பாதி கேப்லயா ஆள ஏத்துனாங்க?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொத்தம் எத்தன பிளக்கு?" என்றார். ஒரு என்ஜினுக்குப் பதினெட்டு, நாலுக்கு எழுபத்திரண்டு என்றேன். "ஒரே ஆளு ஓட்டுறதும் அவரே, பாக்குறதும் அவரேன்னா எப்படிடா? நானே வண்டிய முடிச்சிட்டு பையன ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுவேன்ல." நமக்கு ஐந்தாவது செமஸ்டரில் உற்பத்தித் துறையும் ஆய்வுத் துறையும் ஏன் தனித்தனியாக இருக்கவேண்டும் என்று பத்து மார்க் கேள்வி வருமே, அதற்கு இதைவிட நல்ல விடை நான் படித்ததில்லை.

இறந்த விமானியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எழுபத்தைந்து வயதில் அந்த விமானத்தை அவர் நேசித்த அளவுக்கு நாம் எதையாவது நேசிக்கிறோமா என்று தெரியாது. ஆனால் அணுகுண்டுக்குத் தப்பியது பாயிண்ட் கேப்புக்குத் தப்பவில்லையே என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

இப்போது மலர்க்குழு நண்பனின் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் பிளேனுக்கு நீ ஏன் அழுகிறாய்? அப்பனே, அந்த நைன்-ஓ-நைனோடு ஊர் ஊராகச் சேர்ந்து பறந்த இன்னொரு விமானம் உண்டு. பி-24 லிபரேட்டர். அது எங்கேயிருந்து போனது தெரியுமா? நம்ம இந்தியாவிலிருந்து!

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது. சும்மா விடவில்லை. யாரும் பயன்படுத்தக்கூடாது என்று அடித்து நொறுக்கி, என்ஜினில் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். 1948-ல் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கக் காசு இல்லை. பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கான்பூருக்குப் போய், அந்தக் குப்பைமேட்டில் தேறுவதைப் பொறுக்கி, ஒன்றின் இறக்கையை இன்னொன்றுக்கு மாட்டி, ஒட்டுப்போட்டு, பெங்களூர் வரை பறக்கிற அளவுக்கு மட்டும் தேற்றினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் உள்ளே மடங்குமா, மடங்கினால் வெளியே வருமா என்று நிச்சயமில்லாத வண்டிகள்! பெங்களூரில் பிரித்து மேய்ந்து புதிதாக்கினார்கள். நம் விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. 18,000-க்கும் மேல் செய்த லிபரேட்டரில், உலகத்து அருங்காட்சியகங்களில் இன்று முழுசாக நிற்கிறவற்றில் பல நம்மிடமிருந்து போனவைதான். பிரிட்டனில் நிற்பது, கனடாவில் நிற்பது எல்லாம் பெங்களூர் பட்டறையில் உயிர்பெற்றவை. காலிங்ஸ்காரர்கள் 1989-ல் மறுபடி பறக்கவிட்டதும் நம் விமானப்படை ஓட்டிக் கழித்ததுதான்.

அந்தப் பெங்களூர் பட்டறையில் கையெல்லாம் கிரீஸாக நின்ற ஃபிட்டர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களும் நம்மைப் போல டிப்ளமோ, ஐ.டி.ஐ. வகைதான் இருந்திருப்பார்கள்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்ததே, அதற்கு நாங்கள் நாலு பேரும் ராத்திரி பாசஞ்சரில் போனோம். வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்துபோன அதே நாள். வானத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, தரையில்தான் தண்ணீருக்குத் தவிப்பு. அன்றைக்கு ஜெட்டெல்லாம் காதைக் கிழித்துக்கொண்டு போன கூட்டத்தில், பழைய டகோட்டா ஒன்று வந்தது. டகோட்டாவில் இருப்பதும் லிபரேட்டரில் இருந்ததும் ஒரே குடும்பத்து என்ஜின், 14 சிலிண்டர் ட்வின் வாஸ்ப். படத்தில் கேட்டது வேறு, நேரில் கேட்டது வேறு. சத்தம் காதில் கேட்கவில்லை, மார்புக்கூட்டில் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "இதுதான்யா பிளேன் மாதிரி இருக்கு" என்றார். எங்கள் சிவில் நண்பன் அழுதுவிட்டான். கண்ணில் உப்புக்காத்து என்று சமாளித்தான்.

அந்த அழுகைக்காரன்தான் இப்போது எங்கள் அறையில் எதிர்க்கட்சி! "போதும்டா. எல்லாத்தையும் இறக்கி, ஹாலுக்குள்ள நிறுத்தி, கயிறு கட்டி விட்டுரலாம். பாக்குறவன் பாக்கட்டும். இன்னும் ஒரு உசிரு போறதுக்கு எந்தப் பழைய பிளேனும் பெறாது" என்கிறான். டல்லாஸுக்குப் பிறகு அமெரிக்காவிலும் பலர் இதையே சொன்னார்கள். 2023-ல் பி-17-களின் இறக்கை இணைப்பில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. உலோகத்துக்கும் வயசாகுமே. நாம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிக்கிற ஃபெடீக் அதுதானே.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஈ.சி.இ. நண்பன் அதற்குப் பதில் வைத்திருந்தான். 2022 ஏப்ரலில் களிமேட்டுத் தேரில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் இறந்தார்களே, அவன் ஊர் அதற்குப் பக்கம்தான். "அதுக்கப்புறம் எங்க பக்கத்துல யாரும் தேரே ஓட்டாதன்னு சொல்லலடா. ஒயர எடு, கரண்ட நிறுத்து, ரோட்ட அளந்து பாருன்னுதான் சொன்னாங்க. ஓடாத தேரு வெறும் மரம்" என்றான். சிவில்காரன் விடவில்லை. "செத்தவன் வீட்டுல போய் இத சொல்லுவியா?" என்றான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அன்று மெஸ்ஸுக்குக்கூட தனித்தனியாகப் போனோம்.

என் கட்சி என்ன என்று கேட்டால், பறக்கட்டும் என்பேன். ஆனால் டிக்கெட் போட்டு ஆள் ஏற்றவேண்டாம். பறப்பதற்குத் தேவைப்படுகிறவர் தவிர ஒருவரும் உள்ளே வேண்டாம். உயரம் சொல்லாமல் ஒரு விமானமும் எழும்பவேண்டாம். நின்றுபோன என்ஜினில் பாயிண்ட் வைக்க யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது, அது ஒன்றுதான் என் வாதம். அப்பாவிடம் வேலை பழகிய பையன்கள் நாலு பேரும் ஷோரூம் சர்வீஸுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துத்தான் பழக்கம். அமெரிக்காவில் ரேடியல் என்ஜினுக்குக் காது கொடுத்துப் பழுது சொல்கிறவர்களில் நிறையப் பேர் கிழவர்கள். டல்லாஸில் விமானத்தோடு போனது அப்படிப்பட்ட காதுகளும்தான். இன்னொரு பி-17-ஐ எங்காவது கண்டெடுத்துச் செப்பனிட்டுவிடலாம்.

படிப்பு முடிந்ததும் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. விழுகிற பிளேனையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் அதிலேயே வேலைக்குப் போகிறானே என்ற பயம். "நான் மேல போகமாட்டேம்மா, கீழ நின்னு பாக்குற வேலதான்" என்று சொல்லிப் பார்த்தேன். "கீழ நின்னு பாத்தவன் சரியாப் பாக்காமதான மேல இருந்தவன் செத்தான்?" என்று கேட்டுவிட்டார். அப்பா சொன்ன கதையெல்லாம் அம்மாவும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

நிற்க. இறுதியாண்டு டூர் டெல்லி, ஆக்ரா என்று முடிவாகியிருக்கிறது. டெல்லி பாலத்தில் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டரை வைத்திருக்கிறார்கள், அதுவும் கான்பூர் மணலிலிருந்து எழுந்ததுதான். அரை நாள் ஒதுக்குங்கள் என்று வகுப்பில் கேட்டோம். ஷாப்பிங் கட்டாகும் என்று பெரிய ரகளை. கைதூக்கி எண்ணியதில் நாற்பத்தி ஒன்றுக்குப் பதினாறு. துறைத்தலைவர் ஐயாவிடம் தனியாக மனு கொடுத்திருக்கிறோம், எதிர்க்கட்சி சிவில்காரனும் தன் துறை டூரை விட்டுவிட்டு எங்களோடு வருவதாகச் சொல்லி அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.